இரண்டு பிரமுகர்களும் ஒரு நோட்டரியும்

கோர்ட்டு வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, இப்போது மூன்று நோட்டரிகள் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். காகிதத்தை நீட்டினால் போதும், நீட்டியவர் முகத்தைப் பார்ப்பதற்குள் முத்திரை விழுந்துவிடும். எனக்குப் பின்னால் குமாஸ்தா வேலைக்கு வந்த முருகேசன் போன வாரம் என்னிடம் கேட்டான்: "உங்க காலத்துல போடிக்கு நோட்டரி எங்கண்ணே உக்காந்திருப்பாரு?"

"தூத்துக்குடியில" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் கேலி செய்யவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாவது முறையும் தேறாததால் நான் வக்கீல் குமாஸ்தா ஆனேன். முதல் சில வருடங்கள் நகல் எழுதியதிலும் கோர்ட்டு வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருந்ததிலும் போயின. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. என் எஜமானர் ராமபத்திர ஐயரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. 'இந்த ஆபீஸ்' என்பார். "இந்த ஆபீஸ் அதை ஒத்துக்கொள்ளாது." "இந்த ஆபீஸுக்கு இன்று கொஞ்சம் ஜலதோஷம்." உள்ளே சமையற்கட்டைப் பார்த்து, "இந்த ஆபீஸுக்கு இன்னொரு வாய் காபி கிடைக்குமா?" என்று அவர் குரல் கொடுத்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் பேனா முள்ளைத் துடைப்பார். காகிதத்தை ஒருமுறை தமக்காகவும் ஒருமுறை எதிரில் இருப்பவருக்காகவும் உரக்கப் படிப்பார். பிறகு ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பார். மலை சம்மதித்த பிறகுதான் பேனா இறங்கும். நேர்மையான மனிதர். ஆனால் அவருடைய நேர்மை நடந்து வந்து சேர நேரமாகும்.

அந்தக் காலத்துப் போடியில் அத்தாட்சிக்குப் பஞ்சமே இல்லை. ரப்பர் முத்திரை வைத்திருந்த எல்லோரும் அத்தாட்சி கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற காட்டிலாகா ரேஞ்சர் கொடுத்தார், தலைமையாசிரியர் கொடுத்தார், மாட்டு டாக்டர் மனிதர்களுக்கும் கொடுத்தார். முத்திரை வட்டமாக இருந்தால் பெரிய காரியத்துக்கு, நீளமாக இருந்தால் சின்னக் காரியத்துக்கு என்று ஜனங்களே ஒரு சட்டம் வகுத்து வைத்திருந்தார்கள். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் தம் வயதுச் சான்றிதழில் ஏலக்காய் மண்டி முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டு போனார். அவர் பெயருக்குக் கீழே 'முதல் தரம்' என்று விழுந்திருந்தது. அது எந்த ஆட்சேபணையும் இல்லாமல் ஏற்கப்பட்டது. சட்டப்படி செய்த காகிதங்கள்தான் திரும்பி வந்தன.

பேச்சியம்மாவின் காகிதம் அப்படித் திரும்பி வந்த ஒன்று.

பேச்சியம்மாவுக்குச் சொந்த ஊர் சிலமலை. போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை. அதற்கு முன்னால் புருஷன் கருப்பசாமியோடு மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவள். தகப்பன் சாகக் கிடக்கிறார் என்று ஊருக்குக் கப்பலேற வந்த அன்று அவள் மகள் செல்லத்துக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். "நீ போ, அடுத்த கப்பல்ல நான் கூட்டிட்டு வர்றேன்" என்று கருப்பசாமி சொல்லியிருக்கிறான். அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று தள்ளிப்போய், ஒரு நாள் மரம் விழுந்து அவன் செத்துப்போனான். பிள்ளையை அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். பேச்சியம்மா விட்டுவிட்டு வந்தபோது செல்லத்துக்கு நான்கு வயது.

பிள்ளையைத் திருப்பி அனுப்ப அந்த இல்லம் ஒன்றுதான் கேட்டது. நான்தான் தாய், பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று ஒரு பிரமாணம் எழுதி, நோட்டரி பப்ளிக் முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இதைப் படித்துச் சொன்னபோது பேச்சியம்மா காதில் 'நாட்டாமை' என்று விழுந்திருக்கிறது. நியாயமாகப்பட்டதால் அவள் நேராக சிலமலை நாட்டாமையிடம் போனாள். அவர் ஊரைக் கூட்டி, விசாரித்து, ஏழெட்டுப் பெரியவர்களின் கைநாட்டோடு அனுப்பிவைத்தார். என்னைக் கேட்டால் அதைவிட உண்மையான அத்தாட்சி கிடையாது. மலாயாவுக்கு அது புரியவில்லை.

அந்தக் காகிதம் திரும்பி வந்த பிறகுதான் அவள் எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். ஏலக்காய் பறித்துக் கறுத்த விரல்களால் காகிதத்தை மேஜைமேல் வைத்து, "இதுல யாரு ஒப்பு போடணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே, நான் போயி வாங்கிட்டு வர்றேன்" என்றாள். மலைமேல் கையெழுத்துக்கு ஒப்பு என்பார்கள். மலையாளம் கலந்த பேச்சு.

"இந்த ஆபீஸ் சொல்கிறது, கேள்" என்று ஐயர் ஆரம்பித்தார். கையெழுத்துக்குச் சாட்சி யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் இன்ன ஆள்தான் என் முன்னே வந்தார், எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டார், தன் இஷ்டப்படி கையெழுத்திட்டார் என்று கடல் தாண்டியும் செல்லும்படி சொல்வதற்கு, அரசாங்கம் அதற்கென்றே நியமித்த ஆளுக்குத்தான் அதிகாரம். சப்-ரிஜிஸ்திராரின் அதிகாரம் பத்திரத்தோடு முடிகிறது. மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் வேறு விதம். ஆனாலும் கேட்டுப் பார்ப்போம்.

கேட்டோம். மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம் வந்தது. "ஒருவனை ஜெயிலுக்கு அனுப்ப என் கையெழுத்துப் போதும், ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பப் போதாதா?" என்று சொல்லி, வழக்கத்தைவிடப் பெரிதாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து அதுவும் திரும்பி வந்தது. கனம் மாஜிஸ்திரேட் அவர்களுக்கு எல்லா மரியாதையும் உண்டு, ஆனால் நோட்டரி வேண்டும் என்று இல்லத்தின் வக்கீல் எழுதியிருந்தார். கூடவே ஒரு செய்தி. பிள்ளையில்லாத ஒரு குடும்பம் செல்லத்தைத் தத்துக் கேட்கிறது. தமிழ்நாட்டுக்குத் திரும்பும் ஒரு குடும்பம் அடுத்த வருடம் கப்பல் ஏறுகிறது. அதற்குள் சரியான காகிதம் வந்தால் அவர்களோடு அனுப்புகிறோம். வராவிட்டால் கேட்பவர்களிடம் கொடுக்கும்படி இருக்கும்.

பேச்சியம்மா அழவில்லை. "அப்ப வெரசாச் செய்யணும்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் புது நோட்டரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து வருடம் தொழில் செய்த வக்கீல்கள் விண்ணப்பம் போடலாம் என்றார்கள். ஐயர் அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு மலையைப் பார்த்தார். அன்றைக்கு மலை உடனே சம்மதித்துவிட்டது.

"பேச்சியம்மா, இந்த ஆபீஸே நோட்டரி ஆகப்போகிறது. முதல் முத்திரை உனக்குத்தான்" என்றார். அவள் கும்பிட்டுவிட்டு மலையேறினாள்.

விண்ணப்பத்தில் ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஒரு மாஜிஸ்திரேட், ஒரு வங்கி மேலாளர், ஒரு வியாபாரி, உள்ளூர்ப் பிரமுகர்கள் இருவர். மேலே எங்கோ உட்கார்ந்து இந்த விதியை எழுதிய புண்ணியவான் போடிக்கு வந்ததே இல்லை என்பது உறுதி.

வியாபாரிக்காக நான் முதலில் போனது ஏலக்காய் மண்டி சொக்கலிங்கத்திடம். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "வியாபாரின்னு போட்டிருக்கு" என்றார்.

"ஆமாங்க. வியாபாரி ஒருத்தர் போடணும்."

"கீழ பிரமுகர்னு ரெண்டு எடம் சும்மாக் கெடக்கே. அது யாருக்கு?"

"அதை ஐயர்தான் முடிவு பண்ணணும்."

"அப்ப நான் பிரமுகர் இல்ல. வெறும் வியாபாரி." காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார். "உங்க ஐயர்ட்ட சொல்லுங்க, சொக்கலிங்கத்துக்கு இன்னைக்குச் சோலி இருக்குன்னு."

அடுத்து அரிசி மில்காரர், ஜவுளிக்கடைக்காரர், கடலை எண்ணெய்ச் செக்குக்காரர். எல்லோரும் அதே இடத்தில்தான் விரலை வைத்தார்கள். ஊர் முழுக்கப் பிரமுகர்கள் இருந்தார்கள். வியாபாரி என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை. கடைசியில் தேரடிப் பக்கம் வளையல் விற்றுக்கொண்டிருந்த ஒருவர்தான் கையெழுத்துப் போட்டார். "வளவி விக்கிறேன். வியாபாரிதான. வேற என்னன்னு போடுறது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பிரமுகர்களாக ஐயர் தேர்ந்தெடுத்தது மில்காரரையும் ஓய்வுபெற்ற ரேஞ்சரையும். அன்று மாலையே மற்ற பிரமுகர்கள் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் சொக்கலிங்கம் ஒரு மனு போட்டார். ஐயரின் ஒழுக்கம் பற்றியோ சட்டஞானம் பற்றியோ அதில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்திட்ட இருவரும் பிரமுகர்கள் அல்லர் என்பது மட்டுமே ஆட்சேபணை.

விசாரிக்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் வாழ்க்கையில் எத்தனையோ விசாரணை பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ரேஞ்சர் தாம் சுட்ட காட்டுப்பன்றியோடு வெள்ளைக்கார துரை பக்கத்தில் நிற்கும் போட்டோவைக் கொண்டுவந்தார். மில்காரர் தம் பெயர் அச்சான கல்யாணப் பத்திரிகைகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார். சொக்கலிங்கம் எழுந்து, "அதுல பாதிக் கல்யாணத்துக்கு இவரு போகவே இல்ல" என்றார். கோயிலில் முதல் மாலை யாருக்கு விழும் என்பதைப் பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பூசாரி, யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்கு என்றார். அதிகாரி இரண்டு நாள் தங்கி, இரண்டு தரப்பிலும் சாப்பிட்டு, முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லிப் போனார்.

இதற்குள் மலையில் இரண்டு பறிப்பு முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறை தோட்டத்து ஜீப்பு கீழே வரும்போதும் பேச்சியம்மா வந்து எட்டிப் பார்ப்பாள். "முத்திரை வந்திருச்சாண்ணே?" இல்லை என்பேன். ஜீப்பில் இடம் பிடிக்கத் திரும்பிப் போவாள்.

ஒரு நாள் அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக நின்றுகொண்டு பேசுபவள் உட்கார்ந்ததை ஐயரும் கவனித்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா. இந்த ஒப்பைப் போட இந்தச் சீமையிலயே வேற ஆளு இல்லையா?"

ஐயர் பேனா முள்ளைத் துடைத்தார். அவர் பொய் சொல்லாதவர். "தூத்துக்குடியில் ஒருவர் இருக்கிறார். பழைய நியமனம். கப்பல்காரர்களுக்காக" என்றார்.

"எம்புட்டு நாளா இருக்காரு?"

"இந்த ஆபீஸ் தொடங்குவதற்கு முன்னாலிருந்தே."

"அதைய நீங்க சொல்லவே இல்லையே ஐயா."

"நீ கேட்கவில்லையே, அம்மா."

"ஆமா, கேக்கலை. எனக்கு முத்திரைன்னா என்னன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்." குரல் உயரவே இல்லை. "உங்களுக்கு முத்திரை வரட்டும் ஐயா, நல்லா வரட்டும். முதல் முத்திரைய வேற யாருக்காச்சும் குத்துங்க. எம்பிள்ளை அங்க எனக்காகப் பல்லு மொளைக்காம காத்துக்கிட்டிருக்காது. நான் தூத்துக்குடி போறேன்."

ஐயர் மலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "நீயும் கூடப் போ. இந்த ஆபீஸ் ஒரு கடிதம் தரும்" என்றார். அந்தக் கடிதத்தை அவர் ஒரே ஒருமுறைதான் படித்தார், அதுவும் மனதுக்குள்.

தூத்துக்குடியில் நோட்டரி பர்னாந்தின் ஆபீஸ் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. உள்ளே ஒரு கப்பல் தலைவர் உட்கார்ந்திருந்தார். நடுக்கடலில் புயல் அடித்து மூட்டைகள் நனைந்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்று பிரமாணம் செய்ய வந்தவர். அவர் புயலை வர்ணித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பர்னாந்து ஒல்லியான கிழவர். இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார், ஒன்று காகிதத்துக்கு, ஒன்று ஆளுக்கு. எங்களைப் பார்க்கும்போது மாற்றிக்கொண்டார்.

"இந்த அம்மா யாரு?"

"பேச்சியம்மா. எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"உம்மை யாருக்குத் தெரியும்?"

எதிர்பாராத கேள்வி. ஐயர் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். பர்னாந்து கண்ணாடியை மாற்றிப் படித்தார். "இவரை எனக்கு யார் அடையாளம் காட்டுவா? கடிதம் யாரும் எழுதலாம்" என்றார். இத்தனை தூரம் வந்து, தூத்துக்குடியில் எங்களைத் தெரிந்த ஒரு ஆள் இல்லாமல் திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் கடிதத்தின் மேல்பக்கத்தை மறுபடி பார்த்தார். "போடி ராமபத்திர ஐயர். பிரமுகர் தகராறு நடக்குதே, அந்த ஐயரா?"

"அவரேதான்."

"மதுரையில இருந்து வர்ற எல்லா வக்கீலும் அதைத்தான் சொல்லிச் சிரிக்காங்க." கிழவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு ஊரே சேர்ந்து எதிர்க்குதுன்னா, அப்படி ஒரு ஆள் இருக்காருங்கிறதுல சந்தேகமில்ல. அவர் கையெழுத்தை நான் மதுரைக் காகிதங்கள்ல பார்த்திருக்கேன். சரியா இருக்கு. நீர் வெளியே போய் நில்லும்."

வராந்தாவில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பிரமாணத்தை அவர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு இடத்தில் அவள் தடுமாறினாள். தட்டச்சில் பிறந்த மாதம் தவறாக இருந்தது. ஐப்பசி மழையில் பிறந்தவள் என்று அவள் சொல்ல, அவர் திருத்தித் தம் சுருக்கொப்பத்தை ஓரத்தில் வைத்தார். பிள்ளையின் அங்க அடையாளத்தைக் கேட்டார். இடது முழங்காலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி பட்ட தழும்பு என்றாள்.

"இப்படிச் சொல்லணும்னு யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"எம்பிள்ளை வேணும்னு சொல்றதுக்கு யாரு சாமி சொல்லிக் குடுக்கணும்?"

"கேக்க வேண்டியது என் கடமை, அம்மா."

"கேளுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடலை. இம்புட்டு நாளா ஒருத்தரும் இதெல்லாம் கேக்கலை."

கட்டைவிரல் ரேகை விழவில்லை. ஏலக்காய்க் கறையும் தேய்ந்த தோலும் சேர்ந்து வெறும் கறுப்புப் பொட்டாக வந்தது. பர்னாந்து எலுமிச்சம்பழமும் சோப்பும் வரவழைத்து, அவளைக் கை கழுவச் செய்து, துடைத்து, மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை கோடுகள் தெரிந்தன. பிறகு அரக்கை உருக்கி, சிவப்பு நாடாவின் நுனியில் விட்டு, கனமான பித்தளை முத்திரையை அழுத்தினார். அவர் செய்தது அவ்வளவுதான். எங்கள் ஊரில் நான் பார்த்த அத்தனை முத்திரைகளும் காகிதத்தைத்தான் பார்த்திருந்தன.

காகிதம் மலாயாவுக்குப் போயிற்று. இந்த முறை திரும்பி வரவில்லை. கப்பல் வரும் நாளைச் சொல்லும் கடிதம்தான் வந்தது.

நடுவில் ஐயருக்கு நியமனமும் வந்துவிட்டது. போடியில் பிரமுகர் அல்லாதவரைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற கருத்தில் அதிகாரி அறிக்கை எழுதியதாகக் கேள்வி. பலகை மாட்டினோம். முத்திரை வந்தது. முதல் ஆளாக வந்தது யார் என்று நினைக்கிறீர்கள், சொக்கலிங்கம்தான். கொச்சியில் ஒரு கம்பெனிக்குத் தன் பெயர் பற்றி ஒரு பிரமாணம் அவசரமாக வேண்டியிருந்தது. ஐயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களை அடையாளம் காட்ட யார் வந்திருக்கிறார்கள்?"

"என்னையவா? என்னையத் தெரியாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

"இந்த ஆபீஸுக்குத் தெரியும். இந்த முத்திரைக்குத் தெரியாது. ஒரு பிரமுகரை அழைத்து வாருங்கள்."

சொக்கலிங்கம் போய் மில்காரரை அழைத்துவந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கையெழுத்திட்டார்கள். அன்று ஐயர் உள்ளே திரும்பி இரண்டு முறை காபி கேட்டார்.

கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்தது. படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பேச்சியம்மா கூப்பிட்டதால் நானும் போனேன். கப்பல் தூரத்தில் நிற்க, ஜனங்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் குடும்பம் இறங்கியது. அவர்களோடு நீல கவுன் போட்ட ஒரு ஏழெட்டு வயதுப் பெண், இறுக்கிப் பின்னிய சடையோடு, ஒரு தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். அழைத்துவந்த அம்மாள் பேச்சியம்மாவைக் காட்டி ஏதோ சொன்னாள்.

மேஜை போட்டு உட்கார்ந்திருந்த துறைமுக அதிகாரி பெண்ணிடம் கேட்டார். "பாப்பா, இவங்க யாருன்னு தெரியுதா?"

செல்லம் பேச்சியம்மாவை நன்றாகப் பார்த்தாள். "தெரியாது" என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவசரமாகப் பையிலிருந்து காகிதத்தின் நகலை எடுத்தேன். பேச்சியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு பிள்ளையின் முன்னால் மணலில் குத்தவைத்து உட்கார்ந்தாள். தொடவில்லை.

"தெரியாதுன்னு சொன்னது சரிதான்" என்றாள். "நீ நாலு வயசுப் பிள்ளையா இருக்கயில விட்டுட்டு வந்தது. எம்பேரு பேச்சியம்மா. உங்க அப்பா பேரு கருப்பசாமி. உன்னைய விட்டுட்டுக் கப்பலேறுனவ நான்தான்."

செல்லம் தகரப்பெட்டியைக் கீழே வைத்தாள். "ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"சொல்றேன். நெறைய இருக்கு. ரயில்ல வச்சுச் சொல்லட்டுமா?"

பெண் யோசித்தாள். பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டாள். அதிகாரி அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

வண்டி புறப்பட்டதும் பேச்சியம்மா சொல்லத் தொடங்கினாள். அம்மை போட்ட நாளிலிருந்து. செல்லம் குறுக்கே குறுக்கே கேட்டாள். அப்பா ஏன் அடுத்த கப்பலில் வரவில்லை. தாத்தா எப்போது செத்தார். நீங்கள் ஏன் திரும்பி வரவில்லை. ஒரு பதில் சரியாக இல்லாவிட்டால் விடவில்லை, மறுபடி கேட்டாள். பேச்சியம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். திருச்சியில் வண்டி மாறினோம். மதுரை நெருங்கும்போது செல்லத்தின் தலை தாயின் மடியில் இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.